அட்டையில் பாடாத பெண்கள்

கோயம்புத்தூர் தாயியின் குரல் பாரிஸ் வரை போனது. பழனிகுஞ்சரம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் கம்பெனிகள் தென்னிந்தியாவில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபோது நிறையப் பாடிக் கொடுத்தவர்களில் ஒருவர். 1912-இல் இந்தியா வந்து போன பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவருடைய இசைத்தட்டில் மனதைப் பறிகொடுத்தார். அதை அடிப்படையாக வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பை எழுதினார். தாயியின் தட்டில் கேட்ட நாதத்தை எட்டுவதற்காகப் பியானோவின் தந்திக்கடியில் அட்டைத்துண்டு செருகி ஒலியை அடக்கச் சொன்னார் அவர். மேற்கத்திய இசை வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. கொங்கு நாட்டில் தாயியின் பெயரே பலருக்குத் தெரியாது.

அந்தத் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் கம்பெனியின் சின்னம் எடுப்பாக இருக்கும். பாடியவரின் பெயர் சிறிய எழுத்தில் ஒரு வரி. முகம் கிடையாது. 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை உரக்கச் சொல்லி முடிப்பார். காகிதம் கொடுக்காத இடத்தைக் குரல் தானாக எடுத்துக்கொண்டது.

இசையைச் சுற்றி அச்சான எல்லாவற்றையும் ஒரே துறையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்பது என் எண்ணம். இசைத்தட்டின் உறை, சினிமாப் பாட்டுப் புத்தகம், வார இதழின் அட்டை, சபா மலர், கேசட் அட்டை, அரங்கேற்ற அழைப்பிதழ், ஊர் நோம்பிக்கு வைக்கிற ஆர்கெஸ்ட்ரா பிளெக்ஸ். தமிழில் இசைக்கென்றே நின்று நிலைத்த பத்திரிகை அரிது. 1983-இல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய 'ஸ்ருதி' ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் இசை, வார இதழ்களின் ஓரத்தில் குடியிருந்தே வளர்ந்தது. அதனால் இசை இதழ் வடிவமைப்பில் இளம்பெண் எப்படிக் காட்டப்பட்டாள் என்று தமிழில் கேட்டால், இந்தச் சிதறிய காகிதங்களைச் சேர்த்து வைத்துத்தான் பதில் தேட வேண்டும். சேர்த்து வைத்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இளம்பெண் எல்லா இடத்திலும் இருக்கிறாள். ஆனால் பாடிக்கொண்டிருக்கும் நிலையில் அவளைப் பார்ப்பது அபூர்வம். அவள் வாய் மூடியிருக்கிறது.

இதற்கு வேர் பத்திரிகைக்கு முந்தியது. ரவிவர்மா 1889-இல் மைசூர் அரண்மனைக்காக வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில் 11 பெண்கள் இசைக்கருவிகளோடு கூடியிருக்கிறார்கள். கச்சேரி நடக்கிற உணர்வைவிட, வெவ்வேறு தேசத்துப் பெண்களின் உடையும் அணியும் காட்டுகிற நோக்கமே அதில் மேலோங்கி நிற்கிறது. அவர் வரைந்த வீணைச் சரஸ்வதி அச்சாகி வீடு வீடாகப் போனாள். பிறகு கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அச்சிட்ட காலண்டர்களில் அதே சரஸ்வதி தமிழ்ச் சுவர்களில் தொங்கினாள். மடியில் வீணை, உதட்டில் புன்னகை, நேராக நம்மைப் பார்க்கிற கண். இசையோடு இருக்கும் இளம்பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று நம் கண்ணுக்குப் பழக்கிக் கொடுத்தது அந்தக் காலண்டர்தான். இன்று ஒரு பொண்ணின் அரங்கேற்ற அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பட்டுச்சேலை, மல்லிகை, மடியில் வீணை அல்லது தோளில் சாய்ந்த தம்பூரா, அதே புன்னகை.

கொடுமுடிக்கு வருவோம். 1908-இல் அங்கே பிறந்த கே.பி. சுந்தராம்பாள் கொங்கு மண் கொடுத்த மிகப் பெரிய குரல். அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளைச் சேலைதான். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத தொகை. அந்தப் படத்தில் அவர் போட்டது ஆண் வேடம். 1940-இல் 'மணிமேகலை', உலகைத் துறந்த இளம்பெண். 1953-இல் 'ஔவையார்', நரைத்த தலைக் கிழவி. தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பாட்டுப் புத்தகங்களிலும் சுந்தராம்பாளின் உருவம் எங்கும் இருந்தது. ஆனால் ஆணாக, துறவியாக, மூதாட்டியாக. 'ஔவையார்' எடுத்த எஸ்.எஸ். வாசன்தான் 'ஆனந்த விகடன்' அதிபரும் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையும் பத்திரிகையும் ஒரே கையில் இருந்த காலம் அது. சுந்தராம்பாள் இந்த வேடங்களைத் தாமே தேர்ந்தெடுத்தார், அதில் அவருடைய பக்தியும் பிடிவாதமும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இளமை முழுவதையும் மூடி வைத்தால்தான் ஒரு பெண் கம்பீரமாக வாய் திறந்து பாட முடியும் என்ற நிலை அந்தத் தேர்வுக்குப் பின்னால் நிற்கிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1926-இல், பத்து வயதில், முதல் இசைத்தட்டு. 'சகுந்தலை'யில் காதலிக்கும் கதாநாயகி. அடுத்து 1941-இல் 'சாவித்திரி' படத்தில் நாரதர், ஆண் வேடம். அந்தப் படத்தில் கிடைத்த பணம்தான் அதே ஆண்டு அவர் கணவர் சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலீடானது. ஒரு பெரிய தமிழ்ப் பத்திரிகையின் அடித்தளமே 25 வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணின் உழைப்பு. 1945-இல் 'மீரா'. அதன்பின் அவர் நடிக்கவில்லை. அச்சில் நமக்குத் தெரிந்த எம்.எஸ். குங்குமமும் வைர மூக்குத்தியும் பட்டும் அணிந்த தெய்விக உருவமாகவே நிலைத்தார். அந்த உருவத்தின் மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனால் வேறொரு படமும் உண்டு. 1937-ஆம் ஆண்டு வாக்கில் எம்.எஸ்ஸும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் ஒரு ஸ்டூடியோவில் கோடுபோட்ட பைஜாமா அணிந்து, சிகரெட்டோடு எடுத்துக்கொண்டது. இருவருக்கும் இருபது வயது சுமார். பாலசரஸ்வதியின் மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய வாழ்க்கை வரலாறு 2010-இல் வந்ததை ஒட்டி அது பலர் கண்ணில் பட்டது. தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு இளம் கலைஞர்கள் தாங்களே தீர்மானித்த படம். எழுபது ஆண்டுக்கும் மேலாக அதற்குப் பொதுப் பார்வையில் இடம் கிடைக்கவில்லை.

'விகடன்' பக்கங்களில் ஓவியர் மாலி வரைந்த சங்கீத வித்வான்கள், வாய் மூடிய இந்தப் பெண் உருவங்களுக்கு நேரெதிர். வாய் கோணும், கை காற்றை அளையும், குடுமி அவிழும். அந்தக் கோடுகளில் பாட்டு கேட்கும். ஆணின் வேலையை வேலையாகப் பார்த்த கண் அது. பெண்ணுக்கு அந்தக் கண் கிடைக்கவில்லை. 1950-களில் கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுத, கோபுலு படம் போட்டபோது கொஞ்சம் மாறியது. மோகனா ஆடுகிறவள், ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்கிறவள், கதையே தொழிலைப் பற்றியது என்பதால் படமும் தொழிலுக்குள் போக வேண்டியிருந்தது. அதை விதிவிலக்கு என்றுதான் சொல்வேன். வார இதழ் அட்டைகளில் பிறகு வந்த ஓவியர் மாருதியின் முகங்களுக்கு அழகு உண்டு, குறிப்பிட்ட தொழில் இல்லை.

இந்தத் துறையை ஆராய்ந்தவர்களில் இரண்டு பேர் கொங்கு நாட்டில் பிறந்தவர்கள் என்பது எனக்குப் பெருமை. தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன், ஆய்வாளர்கள் ஏறெடுத்துப் பாராத சினிமாப் பாட்டுப் புத்தகங்களை வரலாற்றுச் சான்றாக நிறுத்தினார். அணா விலைக்குக் கொட்டகை வாசலில் விற்ற புத்தகங்கள் அவை. கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். கோயம்புத்தூரில் பிறந்த அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற பெயரில் பெண் இசைக்கலைஞர்களோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி 2000-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். குரலுக்கு உரியவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்னது அந்த நூலில். அவர் 1988-இல் மும்பையில் உருவாக்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் படங்களையும் சேகரிக்கிறது.

மூன்றாவதாக அமெரிக்க மானிடவியலாளர் அமாண்டா வைட்மன். 2006-இல் கர்நாடக இசை பற்றியும் 2021-இல் தமிழ்ப் பின்னணிப் பாடகர்கள் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். அவர் காட்டுகிற முக்கியமான இடம் இது: தேவதாசி மரபிலிருந்து இசை மேல்சாதிக் குடும்பப் பெண்களின் கைக்கு மாறியபோது, குரல் வெளியே வர வேண்டும், உடம்பு வெளியே தெரியக் கூடாது என்ற ஒழுங்கு கட்டப்பட்டது. கையை ஆட்டாமல், முகத்தைச் சுளிக்காமல் பாடுவதே குடும்பப் பாங்கு. பின்னணிப் பாடகிகள் மைக் முன்னால் அசையாமல் நின்று பாடியதற்கும் அதே காரணம். வைட்மன் மேடையையும் மைக்கையும் பார்த்தார். அவர் சொன்னதை நான் அச்சுப் பக்கத்துக்கு நீட்டிப் பார்க்கிறேன். அசையாத உடம்பு, மூடிய வாய், நேர்ப்பார்வை. வடிவமைப்பாளர் அந்த ஒழுங்கைத் தெரிந்து பின்பற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். கையில் கொடுக்கப்பட்ட பத்துப் படங்களில் எது "நல்லா இருக்கு" என்று தேர்ந்தெடுக்கிறபோது அந்த ஒழுங்கு அவருக்குப் பதிலாக வேலை செய்துவிடுகிறது. வாய் திறந்த படம் அசிங்கமாக இருக்கும் என்பார்கள். இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷியின் வாய் திறந்த படத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பின்னணிப் பாடல் முறை வந்தபின் முகமும் குரலும் பிரிந்தே போயின. 1949-இல் 'மகல்' என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் தட்டில் அவர் பெயருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயர்தான் அச்சாகியிருந்தது. தமிழிலும் பாட்டுப் புத்தக அட்டை கதாநாயகியுடையது. பாடியவளுக்கு உள்ளே ஒரு வரி. கேசட் காலத்தில் நாயகன், நாயகி, இசையமைப்பாளர் மூவரும் அட்டையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டிப் பாலக்காடு போகிற வழியில் உள்ள சித்தூர் வட்டாரத்தில் பிறந்த ஸ்வர்ணலதா, 1987-இல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் பாடத் தொடங்கியபோது 14 வயதுச் சிறுமி. 1994-இல் வந்த 'கருத்தம்மா' படப் பாட்டுக்குத் தேசிய விருது. 2010-இல், 37 வயதில் போய்விட்டார். எங்கள் பேருந்துகளிலும் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் அந்தக் குரல் ஓயாமல் கேட்டது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்த முகத்தைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டிருக்கக்கூடியவர் எத்தனை பேர்? அவர் கூச்ச சுபாவி, பேட்டிகளை அதிகம் விரும்பாதவர் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பாடகியை அட்டையில் போடும் பழக்கமே இல்லாத தொழிலில் கூச்சத்தை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது.

உலகம் முழுக்க இதுதான் நிலைமை என்பதும் உண்மை. விளம்பரப் படங்களில் பெண்ணின் கை பொருளைப் பிடிப்பதில்லை, தடவுகிறது, தலை சாய்கிறது, முழங்கால் மடங்குகிறது என்று 1970-களில் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் படம் படமாக எடுத்து வைத்துக் காட்டினார். அதே பத்தாண்டில் ஆஞ்செலா மெக்ராபி பிரிட்டனில் இளம்பெண்களுக்கான 'ஜாக்கி' இதழை ஆராய்ந்து, அதில் பாப் இசை, ரசிப்பதற்கான ஆண் முகமாகவே சிறுமிகளுக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னார். 1967-இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழைத் தொடங்கிய ஜான் வென்னர், 2023-இல் தான் பேட்டி கண்ட மேதைகளைத் தொகுத்த நூலில் ஒரு பெண்ணையும் சேர்க்கவில்லை. அதற்கு அவர் சொன்ன விளக்கம் எழுப்பிய கண்டனத்தில் ராக் அண்ட் ரோல் புகழரங்கக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்த இதழின் இந்தியப் பதிப்பில் 2021 ஆகஸ்ட்டில் நடந்தது நம்மைச் சேர்ந்தது. 'எஞ்சாயி எஞ்சாமி' அந்த ஆண்டு மார்ச்சில் வந்து உலகெங்கும் ஒலித்தது. அறிவு எழுதி, பாடகி தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டின் உள்ளே இருக்கிறது. ஆழியாறு ஏறி வால்பாறைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த உழைப்பின் முகம் தெரியும். இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்; பிறகு அறிவை வைத்து இன்னொரு அட்டை வந்தது. தலித் கலைஞர் விடுபட்டது பெருந்தவறு, அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதே. இதில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. அட்டையை வடிவமைத்தவர்களும் தேர்ந்தெடுத்தவர்களும் வெளியே தெரியவில்லை. வசவின் பெரும்பங்கு இருபதுகளில் இருந்த அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து விழுந்தது. அட்டையில் இடம் கிடைத்த இளம்பெண்ணுக்கு அட்டையின் மேல் அதிகாரம் இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இருப்பதில்லை.

அதிகாரத்தைக் கையில் எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1991-இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்தில் பிகினி கில் இசைக்குழுவின் பெண்கள் கத்தரிக்கோல், பசை, ஜெராக்ஸ் இயந்திரத்தை வைத்துத் தங்கள் இதழைத் தாங்களே செய்தார்கள். ஈழத்து வேர் கொண்ட மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறியும் பாடகி, பாட வருவதற்கு முன்னால் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர்; எலாஸ்டிகா குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு உறை வடிவமைத்தவர். அதனால் 2005-இல் 'அருளர்' வந்தபோது, ஸ்டென்சில் ஓவியமும் கண்ணைப் பறிக்கும் நிறங்களுமாகத் தன்னை எப்படிக் காட்டுவது என்பது அவர் கையிலேயே இருந்தது. சென்னையில் 2018 தொடக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் இசைவாணி, ஆண்கள் போட்ட அதே கோட் சூட்டைப் போட்டுக்கொண்டு கானா பாடினார். அந்தக் குழுவின் படங்களில் அவர் அலங்காரமாக ஓரத்தில் நிற்பதில்லை. மைக்கைப் பிடித்து, கழுத்து நரம்பு தெரிய, வாய் திறந்து பாடுகிறார். 2020-இல் பிபிசி தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் அவரும் ஒருவர். நான் தேடுகிற படம் கிட்டத்தட்ட இதுதான்.

பொள்ளாச்சியில் இருந்து எழுதும்போது இன்னொன்றைத் தாண்டிப் போக முடியாது. 2019-இல் இந்த ஊரின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. இளம்பெண்களை ஏமாற்றிச் சீரழித்து, அதைப் படம்பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டிய கூட்டத்தின் வழக்கு அது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெண்களின் துணிச்சலுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. இங்கே பெண் பிள்ளையைப் பெற்ற வீட்டில் படம் என்ற பேச்சே இன்று லேசானதாக இல்லை. மகளின் கச்சேரிப் படத்தை மலரில் போட வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று ஒரு தகப்பன் சொன்னால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிச் செய்தால் நாம் திரும்பிப் போவது கோயம்புத்தூர் தாயியின் தட்டுக்குத்தான்: குரலும் பெயரும் உண்டு, ஆள் இல்லை. குற்றம் படத்தில் இல்லை. ஒரு பெண்ணுக்குத் தெரியாமல், அவள் சம்மதமில்லாமல் எடுத்ததிலும் காட்டியதிலும் இருக்கிறது. அந்தச் சம்மதத்தை வடிவமைப்பின் முதல் வேலையாக வைத்துக்கொண்டால் பயத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும். எந்தப் படம், எந்த அளவு, எங்கே வெட்டுவது, கீழே என்ன எழுதுவது என்பதை அந்தப் பொண்ணுக்குக் காட்டிக் கேட்பது எந்த டிடிபி சென்டருக்கும் அரைமணி வேலை. "டச்சப்" என்ற பேரில் மாநிறத்தை வெளுப்பாக்குவதும் அப்போது நின்றுவிடும் என்று நம்புகிறேன். அந்த வெளுப்பாக்கம்தான் எங்கள் ஊர் பிளெக்ஸ்களில் நடக்கும் மிக வெளிப்படையான அநியாயம். ஆணுக்கும் செய்கிறார்கள், பெண்ணை மட்டும் அடையாளமே தெரியாமல் ஆக்குகிறார்கள்.

ஆர்கெஸ்ட்ரா பிளெக்ஸில் பாடகிகளை முட்டை வடிவச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவார்கள். அதை மாற்றக் கேட்டால் இடம் பத்தாது என்பார்கள். கீபோர்டு வாசிப்பவருக்கு மட்டும் முழு உருவமும் கருவியும் சேர்ந்தே வருகிறது. இடம் இருக்கிறது, பங்கீடுதான் இப்படி.

இப்போது கொங்கு நாட்டில் வள்ளி கும்மி பெரிதாக எழுந்திருக்கிறது. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சேர்த்த மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரி மாணவிகளும் கல்யாணமான பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள், பாட்டுக்குக் குரல் கொடுக்கிறார்கள். பத்திரிகைகளில் வருகிற படமோ ட்ரோனில் எடுத்தது: ஒரே நிறச் சேலைகள், வட்டத்துக்குள் வட்டம், மேலிருந்து பார்த்த கோலம். அந்தப் படத்தின் அழகை ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒருத்திக்கும் முகம் இல்லை. அவிநாசிலிங்கத்திலும் கிருஷ்ணம்மாளிலும் எங்கள் மகாலிங்கம் கல்லூரியிலும் படிக்கிற பெண்கள் அந்த வட்டத்துக்குள் ஆடவும் செய்கிறார்கள், கையில் நல்ல கேமராவுள்ள போனும் வைத்திருக்கிறார்கள், பக்கம் வடிவமைக்கவும் கற்றிருக்கிறார்கள். கும்மிக்கென்று ஒரு இதழை அவர்களே செய்ய முடியும். முதல் அட்டைக்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்க, வியர்வையோடு, அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கிற பொண்ணைப் பக்கத்தில் நின்று எடுத்தால் போதும். அவள் பெயரையும், எந்த ஊர், யாரிடம் கற்றாள், என்ன பாடிக்கொண்டிருந்தாள் என்பதையும் கீழே எழுத வேண்டும்.